சப்டைட்டில் வரவில்லையா? முதலில் கோப்பைத் திறங்கள்

இந்த முறை சப்டைட்டில் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களுக்குள் போகுமுன் ஒரு வார்த்தை: சப்டைட்டில் கோப்பு பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிளேயரைத் திட்டுவதற்கு முன் அதைச் செய்துவிட்டால், கீழே வரும் சிக்கல்களில் பலவும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கேள்வி: இணையப் பக்கத்தில் காணொளியைப் போட்டு, ‘டிராக்’ டேகில் எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பைக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கோப்பின் பின்னொட்டை விடிடி என்று மாற்றியும் பார்த்தேன். அப்போதும் இல்லை. என்ன தவறு?

பதில்: பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. காணொளியோடு சப்டைட்டிலை இணைக்கும் டிராக் டேகுக்கு வேண்டியது வெப்விடிடி (சுருக்கமாக விடிடி) வடிவம். 2010-இல் வெப்எஸ்ஆர்டி என்ற பெயரில் பிறந்தது அது. எஸ்ஆர்டியின் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனால் அண்ணனைவிடக் கறார். எஸ்ஆர்டியில் ஒரு வசனம் இப்படி இருக்கும்:

14
00:01:12,400 --> 00:01:15,100
கதவைத் திறந்து வை, காற்று வரட்டும்.

அதே வசனம் விடிடியில்:

00:01:12.400 --> 00:01:15.100
கதவைத் திறந்து வை, காற்று வரட்டும்.

வினாடிக்கும் மில்லி வினாடிக்கும் நடுவில் எஸ்ஆர்டியில் காற்புள்ளி, விடிடியில் புள்ளி. காற்புள்ளி இருக்கும் வசனத்தை உலாவி சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். இரண்டாவது, விடிடி கோப்பின் முதல் வரியில் ‘வெப்விடிடி’ என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தாக வேண்டும். அடுத்து ஒரு வெற்று வரி. அந்தச் சொல் இல்லையென்றால் ஒரு வசனமல்ல, மொத்தக் கோப்பும் நிராகரிக்கப்படும். வரிசை எண்களை எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, உலாவி கண்டுகொள்ளாது.

‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ போட்டு எல்லாக் காற்புள்ளிகளையும் புள்ளியாக்கிவிடாதீர்கள். மேலே உள்ள வசனம் ‘திறந்து வை. காற்று வரட்டும்’ என்று ஆகிவிடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து வெப்விடிடி வடிவத்தில் சேமித்தால் நேர வரிகள் மட்டும் மாறும்.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒரே வசனத்தின் இரு வரிகளுக்கு இடையில் வெற்று வரி இருந்தால் வசனம் அங்கேயே முடிந்ததாகக் கணக்கு. இரண்டாம் வரி காணாமல் போகும். வசனத்துக்குள் < குறி இருந்தால் அதை உலாவி டேகின் தொடக்கம் என்று எண்ணி, பின்னால் வருவதையும் சேர்த்து விழுங்கும். < குறியும் & குறியும் தேவைப்பட்டால் அவற்றுக்கான எச்டிஎம்எல் மாற்றுக் குறியீட்டை எழுதுங்கள்.

கோப்பு சரியாக இருந்தும் வரவில்லை என்றால் எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைப் பாருங்கள். விடிடி கோப்பு பட்டியலிலேயே இல்லை என்றால் உலாவி அதைக் கேட்கவே இல்லை என்று பொருள். பெரும்பாலும் டிராக் டேகில் ‘டிஃபால்ட்’ என்ற சொல் விட்டுப்போயிருக்கும்; பார்ப்பவர் சிசி பொத்தானை அழுத்தும்வரை கோப்பு இறங்காது. பட்டியலில் 404 என்று இருந்தால் முகவரி தவறு. 200 (கோப்பு கிடைத்தது) என்று வந்தும் வசனம் வராமல், ‘கன்சோல்’ பகுதியில் சிவப்பாக ‘கார்ஸ்’ (வேறு டொமைன் கோப்புகளுக்கான உலாவியின் பாதுகாப்பு விதி) பற்றிய எச்சரிக்கை இருந்தால், கோப்பு வேறொரு டொமைனில் இருக்கிறது. அதற்கு இரண்டு வேலை: வீடியோ டேகில் ‘கிராஸ்ஆரிஜின்’ சேர்க்க வேண்டும், கோப்பு இருக்கும் சர்வர் அதற்கு அனுமதி தரும் ஹெட்டரை அனுப்ப வேண்டும். கிராஸ்ஆரிஜின் போட்ட கணத்திலிருந்து காணொளிக் கோப்புக்கும் அதே அனுமதி தேவை. இதைக் கவனிக்காமல் விட்டால் சப்டைட்டிலோடு படமும் சேர்ந்து நின்றுபோகும்.

பக்கத்தை டபுள் கிளிக் செய்து நேரடியாகத் திறந்து சோதித்தீர்களா? குரோம் அப்படித் திறந்த பக்கத்தில் டிராக் கோப்பை ஏற்காது. பைத்தானோடு வரும் சிறு சர்வரை அந்த ஃபோல்டரில் ஓடவிட்டு, லோக்கல்ஹோஸ்ட் 8000 முகவரியில் பாருங்கள். கடைசியாக, சர்வர் இந்தக் கோப்பை ‘டெக்ஸ்ட்/விடிடி’ வகை என்று சொல்லி அனுப்புகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய சர்வர் அமைப்புகளில் அந்த ஒரு வரியை நாமே சேர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் முழுவதும் குப்பை எழுத்தாக வருகிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

பதில்: ‘குப்பை’ என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் நாலு வகை இருக்கிறது. எந்தக் குப்பை என்பதைப் பொறுத்துத்தான் மருந்து.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, அதை ஒட்டி வட்டத்துக்குள் ‘ஆர்’, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் கோப்பு நல்ல யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) கோப்புதான். பிளேயர்தான் அதைப் பழைய விண்டோஸ் மேற்கத்திய அட்டவணை வழியாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் இரண்டு பைட் பெரும்பாலும் ஒன்றே என்பதால்தான் அந்த ஜோடி விடாமல் வருகிறது. விஎல்சி பிளேயரில் ‘பிரிஃபரன்சஸ்’ போய், சப்டைட்டில் பகுதியில் ‘டிஃபால்ட் என்கோடிங்’ என்பதை யூடிஎஃப்-8 ஆக்கினால் தீர்ந்தது. கோப்பைத் தொட வேண்டாம். முக்கியமாக, அந்தக் குப்பையாகவே சேமித்துவிட வேண்டாம். அப்படிச் சேமித்தால் ஒவ்வொரு குப்பை எழுத்தும் நிஜ எழுத்தாகப் பதிந்துவிடும். திருப்பி எடுக்க முயன்றாலும் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி: அதன் மூன்றாவது பைட்டான 8டி-க்கு அந்தப் பழைய அட்டவணையில் எழுத்தே கிடையாது.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் வந்தால் யாரோ தமிழ்க் கோப்பை தமிழுக்கு இடமில்லாத பழைய ‘ஆன்சி’ முறையில் சேமித்திருக்கிறார்கள். எழுத்துகள் அழிந்துவிட்டன. மீட்க வழியில்லை, மூலக் கோப்பைத் தேட வேண்டியதுதான். நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ பெட்டியின் அடியில் ‘என்கோடிங்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அது தானாகவே யூடிஎஃப்-8-இல் நிற்கும். அதற்கு முந்தைய கணினிகளில் ஆன்சியில் நிற்கும். கையால் மாற்றியாக வேண்டும்.

வெறும் கட்டங்கள் வந்தால்தான் எழுத்துரு இல்லாத பிரச்சினை. தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் முழுக் கோப்பையும் அப்படியே போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. > குறிதான் காற்புள்ளி. ஆகவே நேர வரி இப்படி ஆகிவிடும்:

00:01:12இ400 --, 00:01:15இ100

எந்த பிளேயரும் இதைப் படிக்காது. மாற்றிய பின் ‘--,’ என்பதை ‘-->’ ஆக்குங்கள். பிறகு இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கும் ‘இ’யை மட்டும் காற்புள்ளியாக்குங்கள். நோட்பேட்++-இல் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ வழியாகச் செய்தால் வசனத்தில் உள்ள ‘இங்கே’, ‘இல்லை’ எல்லாம் தப்பிக்கும்.

கேள்வி: சப்டைட்டில் தொடக்கத்தில் ஏறக்குறைய சரியாக இருக்கிறது. போகப் போக முந்திக்கொண்டு ஓடுகிறது. விஎல்சியில் எச் விசையை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

பதில்: ஜி, எச் விசைகள் ஒரு அழுத்தத்துக்கு 50 மில்லி வினாடி வீதம் மொத்தச் சப்டைட்டிலையும் முன்பின் நகர்த்தும், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் அது போதும். உங்களுடையது வளரும் விலகல். அதற்குக் காரணம் ஃபிரேம் வேகம்: கோப்பு வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்காகத் தயாரானது, உங்களிடம் இருப்பது 23.976 ஃபிரேம் பிரதி. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டரை வினாடி விலகும்.

ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டே உறுதி செய்யலாம். தொடக்கத்தில் ஒரு வசனம், கடைசியில் ஒரு வசனம் எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியில் முதல் வசனம் 1 நிமிடம் 12 வினாடியில் பேசப்படுகிறது; கோப்பில் 1:09 என்று இருக்கிறது. கடைசி வசனம் காணொளியில் 1:54:30, கோப்பில் 1:49:49. இரண்டு வசனங்களுக்கும் உள்ள இடைவெளி காணொளியில் 6798 வினாடி, கோப்பில் 6520 வினாடி. வகுத்தால் 1.0426. 25-ஐ 23.976-ஆல் வகுத்தால் 1.0427. சந்தேகமே இல்லை. சப்டைட்டில் எடிட்டில் ‘சிங்க்ரனைசேஷன்’ மெனுவுக்குள் ‘சேஞ்ச் ஃபிரேம் ரேட்’ எடுத்து, 25-இலிருந்து 23.976-க்கு என்று கொடுங்கள்.

விகிதம் 1.001 அளவில் வந்தால் 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம். மணிக்கு 3.6 வினாடிதான் விலகும் என்பதால் பலர் பாதிப் படம்வரை கவனிப்பதே இல்லை. இந்த இரண்டிலும் சேராத விசித்திர விகிதம் வந்தால் ‘பாயின்ட் சிங்க்’ பயன்படுத்துங்கள். இரண்டு வசனங்களுக்குச் சரியான நேரத்தைச் சொன்னால் போதும், மற்றதை அதுவே இழுத்துச் சரிசெய்யும்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. 40 நிமிடம்வரை கச்சிதமாக வந்து, திடீரென்று 20 வினாடி தள்ளிப்போய், அதன்பின் அதே 20 வினாடியிலேயே நிற்கும். இது ஃபிரேம் வேகம் அல்ல. உங்கள் பிரதியில் ஒரு காட்சி வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது கூடுதலாக இருக்கிறது. அந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்து, ‘அதுவும் அதற்குப் பின் வருபவையும்’ என்ற தேர்வோடு நகர்த்துங்கள். விகிதத்தைத் தொட்டால் நன்றாக இருந்த முதல் 40 நிமிடமும் கெடும்.

கேள்வி: ஒரு வரிக்கு எத்தனை எழுத்து? எவ்வளவு நேரம் திரையில் இருக்க வேண்டும்? மென்பொருள் எப்போது பார்த்தாலும் ‘வேகம் அதிகம்’ என்று சிவப்புக் காட்டுகிறது.

பதில்: பரவலாகச் சொல்லப்படும் அளவு ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி. அது லத்தீன் எழுத்துகளை வைத்துப் போட்ட கணக்கு. மென்பொருள் தமிழை எண்ணுவது நாம் எண்ணுவது போல அல்ல. ‘கொண்டிருக்கிறோம்’ என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. எழுத்தோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் மென்பொருளுக்கு அது 16. ஆகவே வினாடிக்கு 17 எழுத்து என்ற எச்சரிக்கைக் கோட்டை ஒழுங்கான தமிழ் வசனமும் எளிதாகத் தாண்டிவிடும். அந்தச் சிவப்புக்குப் பயந்து வசனத்தை நறுக்க வேண்டாம்.

எழுத்தை விட்டுச் சொல்லை எண்ணுவது தமிழுக்கு நல்லது. வினாடிக்கு இரண்டு சொல் என்று வைத்தால் பெரும்பாலோர் படம் பார்த்துக்கொண்டே படித்துவிடுவார்கள். ஒற்றைச் சொல்லானாலும் 1 வினாடிக்குக் குறைய வேண்டாம். எவ்வளவு நீளமானாலும் 7 வினாடிக்கு மேல் வைக்க வேண்டாம், படித்தவர் மறுபடி படிக்க ஆரம்பிப்பார். அடுத்தடுத்த வசனங்களுக்கு நடுவில் 2 ஃபிரேமாவது இடைவெளி விடுங்கள். ஒட்டியிருந்தால் எழுத்து மாறியதே கண்ணில் படாது.

வரியை எங்கே உடைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

நாளைக்குக் காலையில் ஐந்து
மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

இரு வரியும் சம நீளம், பார்க்க அழகு. ஆனால் ‘ஐந்து’ மேலே தொங்குகிறது. கண் கீழே போய் ‘மணி’யைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது.

நாளைக்குக் காலையில்
ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

நீளம் சமமில்லாவிட்டால் என்ன, படிக்க இதுதான் சுகம். தமிழில் வினை கடைசியில் வருவதால் இன்னொரு கவனமும் தேவை. நடிகர் பேசி முடிக்குமுன் ‘செத்துப்போயிட்டார்’ என்பது திரையில் வந்துவிட்டால் காட்சி போச்சு. அப்படிப்பட்ட இடத்தில் வசனத்தை இரண்டு தனித் தனி நேரங்களாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: சப்டைட்டிலைக் காணொளியிலேயே பதித்துவிடுவது நல்லதா, தனிக் கோப்பாக வைப்பதா?

பதில்: இணையப் பக்கத்துக்குத் தனிக் கோப்புதான். பிழை கண்டால் ஒரு வரியைத் திருத்திப் பதிவேற்றிவிடலாம். பார்ப்பவர் அணைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். தேடுபொறியாலும் படிக்க முடியும். பதித்துவிட்டால் ஒரு புள்ளி தவறினாலும் மொத்தக் காணொளியையும் மறுபடி என்கோட் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் போன்று தனிக் கோப்புக்கு இடமே இல்லாத வழிகளில் அனுப்புவதற்கு மட்டும் பதியுங்கள்.

நடுவில் மூன்றாவதாக, எம்பி4-க்குள்ளேயே சப்டைட்டிலைத் தனித் தடமாகச் சேர்ப்பது உண்டு. விஎல்சியில் அழகாக வரும், ஆனால் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் தெரியாது. அதை நம்பி இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளி மென்பொருள் கொண்டு பதிப்பவர்களுக்கு: ‘கொ’ என்பது க தனியாக, கொம்பும் காலும் தனித் தனியாகச் சிதறி வந்தால், எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் இல்லாமல் உருவான பதிப்பு உங்களிடம் இருக்கிறது. முழு வசதிகளோடு தொகுத்த பதிப்பை எடுத்து, முதல் 30 வினாடியை மட்டும் பதித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பார்த்து நொந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: யூடியூபில் ஏற்றும்போது ‘வித் டைமிங்’, ‘வித்அவுட் டைமிங்’ என்று இரண்டு கேட்கிறதே?

பதில்: எஸ்ஆர்டி அல்லது விடிடி கையில் இருந்தால் முதலாவது. பேசியது மட்டும் எழுத்தாக இருந்தால் இரண்டாவது. பேச்சைக் கேட்டு நேரத்தை யூடியூபே பொருத்தும். அதற்கு எழுத்தும் பேச்சும் ஒரே மொழியில் இருக்க வேண்டும். தமிழ்ப் பேச்சுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் பொருத்த முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளிக்கும் ஒலி மோசமான பதிவுக்கும் இதை யூடியூபே பரிந்துரைப்பதில்லை. எஸ்ஆர்டியில் நிறம், சாய்வு என்று போட்ட அலங்காரங்களை அது பொருட்படுத்தாது.

கேள்வி: டிவிடியிலிருந்து எடுத்த சப்டைட்டிலை நோட்பேடில் திறந்தால் ஒன்றுமே புரியவில்லை. ஐடிஎக்ஸ், சப் என்று இரண்டு கோப்புகள்.

பதில்: முன்னுரையில் ‘பெரும்பாலும்’ என்று சொன்னது இதற்காகத்தான். டிவிடியின் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். ப்ளூரேவின் பிஜிஎஸ் வடிவமும் அப்படியே. ஐடிஎக்ஸில் நேரம், சப்பில் படங்கள். சப்டைட்டில் எடிட்டில் திறந்து ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது) செய்ய வேண்டும். அதற்கு டெஸ்ஸராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளின் தமிழ்த் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். ‘ர’வும் காலும், ‘ள’வும் ‘ன’வும் குழம்பும். வந்ததை அப்படியே நம்பாமல் ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்துங்கள்.

கேள்வி: திரையின் அடியில் பேசுபவரின் பெயர் வரும்போது சப்டைட்டில் அதன் மேல் ஏறி உட்காருகிறது.

பதில்: விடிடியில் நேர வரியின் கடைசியில், ஓர் இடைவெளி விட்டு ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, 10% என்று எழுதுங்கள். அந்த ஒரு வசனம் மட்டும் மேலே போகும். முக்காற்புள்ளியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. சிஎஸ்எஸ்ஸில் இதைச் செய்ய முடியாது. சப்டைட்டிலுக்கான ‘கியூ’ தேர்வியில் நிறம், பின்னணி, எழுத்துரு, நிழல் போன்ற சிலவே எடுபடும், இடம் மாற்றுவது எடுபடாது. ஐபோனில் முழுத்திரைக்குப் போனால் நிறமும் உங்கள் கையில் இல்லை. அங்கே பார்ப்பவர் ‘அக்சஸிபிலிட்டி’யில் வைத்திருக்கும் அமைப்புதான் செல்லும்.

கேள்வி: காணொளியைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் ஸ்ட்ரீம் செய்கிறோம். அதே விடிடி சாதாரணப் பக்கத்தில் சரியாக இருக்கிறது, ஸ்ட்ரீமில் துல்லியமாக 10 வினாடி தள்ளி வருகிறது.

பதில்: விடிடியின் தலைப்பில் ‘எக்ஸ்-டைம்ஸ்டாம்ப்-மேப்’ வரியைப் பாருங்கள். அதில் 900000 என்று இருக்கும். அந்தக் கடிகாரம் வினாடிக்கு 90,000 துடிப்பு. 9,00,000 என்றால் 10 வினாடி. சப்டைட்டிலின் பூஜ்யம் காணொளியின் 10-ஆவது வினாடிக் குறியோடு சேரட்டும் என்று அந்த வரி சொல்கிறது. உங்கள் காணொளித் துண்டுகளின் நேரக் குறி பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அந்த எண்ணையும் 0 ஆக்குங்கள்.

கேள்வி: ‘சப்டைட்டில்ஸ்’, ‘கேப்ஷன்ஸ்’ இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. முதலாவது, மொழி தெரியாதவருக்கு. இரண்டாவது, காது கேளாதவருக்கு: பேச்சோடு [கதவு தட்டும் ஓசை], [தொலைவில் இடி] என்பதும், முகம் தெரியாதபோது பேசுவது யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். டிராக் டேகின் ‘கைண்ட்’ பண்பில் ஒன்றும் சொல்லாவிட்டால் சப்டைட்டில்ஸ் என்றே உலாவி எடுத்துக்கொள்ளும். பதிவு செய்த காணொளிக்குக் கேப்ஷன் தருவது, இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளில் அடிப்படைப் படியான ‘ஏ’ நிலையிலேயே கேட்கப்படுவது. [இசை] என்று மட்டும் போட்டுவிட்டுப் போவதையும் தவிர்க்கலாம். சோக இசையா, திகில் இசையா என்று ஒரு சொல் கூடுதலாக எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கேள்வி: வெறும் எழுத்துக் கோப்பு என்கிறீர்கள். அப்படியானால் வைரஸ் வராதுதானே?

பதில்: அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது. விஎல்சி, கோடி, பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ ஆகிய நான்கு பிளேயர்களிலும், திட்டமிட்டு எழுதிய ஒரு சப்டைட்டில் கோப்பைக் கொண்டு கணினியையே கைப்பற்ற முடியும் என்று 2017 மே மாதம் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓட்டை இருந்தது கோப்பைப் படிக்கும் பிளேயரில். திருத்திய பதிப்புகள் வந்துவிட்டன. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத பிளேயரை வைத்திருப்பவர்கள் இன்றே புதுப்பித்துவிடுங்கள். இரண்டரை மணி நேரப் படத்தின் தமிழ் சப்டைட்டிலே சில நூறு கேபிக்குள் அடங்கும். இறக்கியது 5 எம்பி இருந்தாலோ, இஎக்ஸ்இ என்று முடிந்தாலோ, கடவுச்சொல் போட்ட ஜிப்பாக வந்தாலோ திறந்து பார்க்கும் ஆசையே வேண்டாம், அழித்துவிடுங்கள்.